மிஸ்டர் தனேஸ்வரி

என் தங்கச்சி கலாவின் புருசன் கதிர்காமநாதன் சிட்னிக்கு வந்த நாள் தொட்டு ஊராருக்காகப் போன் கதைத்து வருகிறார். வேறு என்ன செய்தார் என்று கேட்டால் கலாவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள். பரமட்டாவில் ஒரு பெரிய கந்தோரில் கடிதம் வைத்த வண்டிலை மாடி மாடியாகத் தள்ளிக்கொண்டு திரிந்து பென்சன் எடுத்தவர். வண்டில் தள்ளுவது ஒரு குறைவான வேலை இல்லை. என் மகள் சமையலறையில் சட்டி கழுவித்தான் வீடு வாங்கினாள். ஆனால் இவரைக் கேட்டால், "கொமியூனிக்கேசனில இருந்தனான்" என்பார். என்ன கொமியூனிக்கேசன்? கடிதத்தைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது.

அந்தக் கந்தோரில் வெள்ளைக்காரர் போனில் கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு குரல் வந்துவிட்டது. வீட்டில் கதைக்கும் குரல் வேறு. போன் குரல் தொண்டைக்கு அடியில் எங்கேயோ இருந்து வரும். போன் எடுத்தால் இருக்கமாட்டார். எழும்பி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யன்னலடிக்குப் போய், "லுக் மேட்" என்று தொடங்குவார். அதற்குப் பிறகு மற்றப் பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

செவன் ஹில்ஸ் பக்கத்துத் தமிழருக்கு அது போதும். ராஜரத்தினத்தாருக்கு ஆசுப்பத்திரியில் நாள் எடுக்க வேண்டுமென்றால் இவர் ராஜரத்தினமாகக் கதைப்பார். பாலாவின் கார் இடிபட்டால் இன்சூரன்ஸ்காரரோடு இவரே பாலா. ராஜரத்தினத்தார் ஒருமுறை கண் டொக்டரிடம் போக வேண்டியவர், காது டொக்டரின் வாசலில் போய் இருந்துவிட்டு வந்தார். அப்படி இருந்தும் சனம் இவரை விடவில்லை. பிழையாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்கிறவனை நம்புகிறதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

என் மகள் தனேஸ்வரியும் நம்பினாள். அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. புருசன் காலமாகி ஒன்பது வருசம். வேலையால் வந்த பிறகு றோல்ஸ் உருட்டி விற்பாள். அவளுடைய ஆட்டிறைச்சி றோல்ஸ் என்றால் ஹரிஸ் பார்க் கடைக்காரரும் கேட்டு வாங்குவார்கள். இல்லத்தில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிகளோடு அவள் நாள் முழுக்க இங்கிலிசில் கதைத்துச் சிரிக்கிறவள். ஆனால் இங்கிலிசில் போன் கதைப்பதென்றால் பயம். வந்த புதிதில் யாரோ ஒருவன், நீ சொல்வது விளங்கவில்லை என்று போனை வைத்துவிட்டானாம். அந்தப் பயத்தை அப்படியே வைத்து வளர்த்தது இந்தச் சித்தப்பாதான். நேரில் கதைக்க உன் இங்கிலிஸ் காணும் பிள்ளை, போனுக்குக் காணாது என்று அவர் சொன்னதை நான் என் இரண்டு காதாலும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

வீடு வாங்குகிற அலுவல் முழுவதும் லோயர் பார்த்தார். அதனால் அது ஒழுங்காக நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வீடு கைமாறி வாசல் கதவுத் திறப்பு எங்கள் கையில் வருவதாக நாள் குறித்தார்கள். மிஞ்சிக் கிடந்தது கறண்ட் ஒன்றுதான். முன்பு இருந்த கிரேக்கக் கிழவர் தன் பெயரில் இருந்த கறண்டைச் செவ்வாயோடு நிற்பாட்டுவதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தன் பெயரில் வேண்டும் என்று தனேஸ்வரி கறண்ட் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஒரு போன். அதை நான் செய்கிறேன், நீ வேலைக்குப் போ என்றார் கதிர்காமநாதன்.

போய்விட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் மனிதர் தெரியும். அன்றைக்கே, நீயே கதை என்று அவளைப் பிடித்து இருத்தியிருக்க வேண்டும். பெட்டி கட்டுகிற வேலையில் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பால் காய்ச்சி வீடு புகுந்தோம். அடுப்பு எரிந்தது, விளக்கு எரிந்தது. பழைய பிறீசரையும் கொண்டுவந்து கராஜில் வைத்தோம். படுத்தால் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு பெரிசு. ஆனால் மூடி நெளிந்து சரியாகப் பொருந்தாது. அதற்குள் நிறைய றோல்ஸ். சனிக்கிழமை ராஜரத்தினத்தாரின் மகன் நவீன்ராஜின் கலியாண வரவேற்பு. மண்டபம் நிறையச் சனம் வரும். அவ்வளவு பெரிய ஓடர் தனேஸ்வரிக்கு முதல் தரம். இது நல்லபடியாகப் போனால் சட்டி கழுவுகிற வேலையைக் குறைத்துக்கொண்டு இதையே தொழிலாகப் பார்க்கலாம் என்று அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதை என்னிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. உருட்டுகிற வேகத்தில் தெரிந்தது.

வியாழக்கிழமை விடிய எழும்பிக் குசினியில் அடுப்பைப் போடப் போனால் கறண்ட் இல்லை.

தனேஸ்வரி சித்தப்பாவுக்குப் போன் எடுத்தாள். அவர் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தெரு முழுவதும் கறண்ட் இல்லையாம், லைன் பிழையாம். நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் அவருக்குச் சொன்னாள். பிறகு மெல்ல வந்தது உண்மை. செவ்வாயில் ஒன்றும் தொடங்கக்கூடாது என்று, கம்பெனிக்காரனிடம் அவர் வேறு நாள் சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கம் பார்த்தாராம். புதன் சரியில்லை, வியாழன் நட்சத்திரம் ஒத்துவரவில்லை, வெள்ளி அட்டமி, சனி ஞாயிறு கந்தோர் பூட்டு. அதனால் வருகிற திங்கட்கிழமை தொடங்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"அப்ப அதுவரைக்கும்?" என்று தனேஸ்வரி கேட்டாள்.

"அதுவரைக்கும் கிரேக்கன்ர கறண்ட் ஓடுமெண்டு நினைச்சன் பிள்ளை."

கிரேக்கன் ஏன் எங்களுக்குக் கறண்ட் தர வேண்டும்? அவர் சொன்ன நாளில் சொன்னபடி நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டார். யாருடைய பெயரிலும் இல்லாத வீட்டுக்கு யார் கறண்ட் விடுவான்? புதன் ஒரு நாள் சும்மா ஓடினதை எங்கேயோ இருந்தபடியே ஒருவன் அமத்திவிட்டான். செவ்வாயில் விளக்குக் கொளுத்தக்கூடாது என்று அக்கறைப்பட்ட மனிதர், ஒரு நாளும் விளக்குக் கொளுத்த முடியாமல் செய்துவிட்டார்.

கலா வீட்டுப் பிறீசரில் கொண்டுபோய் வைக்கலாம் என்றால், அது அவர் மலிவு விற்பனையில் வாங்கி அடைத்த இறைச்சியால் நிறைந்து கிடந்தது. புது இடம், அயலில் யாரையும் தெரியாது. தனேஸ்வரி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கம்பெனிக்குத் தானே போன் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

ஒரு பெட்டை எடுத்தது. நல்ல மரியாதையான குரல். இரண்டு வார்த்தைக்கு ஒரு மிஸ்டர் வந்தது. மிஸ்டர் என்ற சொல் எனக்கும் தெரியும். தனேஸ்வரியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகுதான் விசயத்தைச் சொன்னாள். அந்தக் கணக்கு மிஸ்டர் தனேஸ்வரி என்ற ஆம்பிளையின் பெயரில் இருக்கிறதாம். நான்தான் தனேஸ்வரி என்று இவள் சொல்ல, பிறந்த திகதியைக் கேட்டிருக்கிறார்கள். இவள் சொன்ன திகதி பொருந்தவில்லை. கணக்குக்காரரோடுதான் கதைக்கலாம், உங்கள் கணவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று அந்தப் பெட்டை கேட்டதாம்.

"நீ என்ன சொன்னனி?" என்றேன்.

"அவர் இல்லையெண்டு சொன்னன்."

அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால் தேத்தண்ணி போடலாம் என்று எழும்பினேன். கறண்ட் இல்லை.

மத்தியானம் திரும்பத்தான் கதிர்காமநாதன் காரில் வந்து இறங்கினார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டே வந்தார். நடந்ததைக் கேட்டதும் சிரித்தார். கம்பெனிக்காரன், தனேஸ்வரியா கதைக்கிறது என்று கேட்டானாம். இவர் ஓம் என்றாராம். மிஸ்டரோ என்று கேட்டானாம். இந்தக் குரலை வைத்துக்கொண்டு மிஸிஸ் என்று எப்படிச் சொல்வது என்று மிஸ்டர் என்றாராம். பிறந்த திகதி கேட்டபோது தனேஸ்வரியுடையது தெரியாமல் தன்னுடையதைக் கொடுத்தாராம்.

"பேரிலை என்ன கிடக்கு? வெள்ளையனுக்கு ஈஸ்வரியும் ஈஸ்வரனும் ஒண்டுதான். போனைத் தா பிள்ளை, நான் மிஸ்டர் தனேஸ்வரியாக் கதைச்சு நாளை மாத்திவிடுறன். அஞ்சு நிமிச வேலை."

அது உண்மைதான். அவர் கதைத்தால் அலுவல் கெதியாக முடியும். றோல்ஸ் தப்பும். தனேஸ்வரி போனைக் கையில் வைத்தபடி கராஜ் பக்கம் பார்த்தாள். அவளுக்கு எது பெரிது என்று எனக்குத் தெரியும். மூன்று கிழமையாக வேலையால் வந்து, காலைக்கூட நீட்டாமல் உருட்டியவள் அவள்.

"சித்தப்பா, நாளைக்குப் பில்லிலை ஏதும் பிழையெண்டாலும் நீங்கள்தானே கதைக்கவேணும்?"

"ஓம், நான் இருக்கிறன்தானே."

"வேற வீட்டுக்கு மாறினாலும் நீங்கள்தான். நான் எனக்குச் சொந்தமான வீட்டிலை இருந்துகொண்டு, ஆர் தனேஸ்வரியெண்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும்."

"விசர்க்கதை கதைக்காதை. முதல் கறண்டை எடுப்பம்."

"எடுக்கத்தான் போறன்," என்றாள். "ஆனா நீங்கள் கதைக்க வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். மூத்தவள், நியாயம் சொல்லுவேன் என்று நினைத்தார் போல. நான் நியாயம்தான் சொன்னேன்.

"தம்பி, நீர் தனேஸ்வரியா இருக்கிறதெண்டால் நாளைக்குச் சீலையை உடுத்துக்கொண்டு வேலைக்குப் போம். அவளுக்கு விடிய ஆறு மணிக்கு வேலை."

கறண்ட் கம்பெனி இந்த நாட்டில் ஒன்று இரண்டு இல்லை. விரும்பினவனிடம் எடுக்கலாம் என்று தனேஸ்வரியோடு வேலை செய்கிறவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். அவள் வேறொரு கம்பெனியின் நம்பரைத் தேடி எடுத்தாள். இதற்குள் கதிர்காமநாதன் யன்னலடிக்குப் போய் ஒரு கையை இடுப்பில் வைத்துவிட்டார். போனில்லாமலே. இவரை இங்கே விட்டால் நடுவில் பறித்து "லுக் மேட்" என்று தொடங்கிவிடுவார் என்று எனக்கு விளங்கியது. பிறீசர் மூடி சரியாகப் பொருந்தவில்லை, குளிர் போகிறது, பாரமாக ஏதும் வைக்க வேண்டும் என்று சொல்லி அவரைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைக்க ஒன்றும் இல்லை.

"நீர் அதுக்கு மேலை இரும்."

இருந்தார். ஆள் நல்ல பாரம். மூடி இறுக்கமாகப் பொருந்தியது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு அவர் ஒருவருக்கு உண்மையாகவே உதவியாக இருந்த நேரம் என்று நான் அறிய அது ஒன்றுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றதால் தனேஸ்வரி கதைப்பது அங்கேயும் கேட்டது. எனக்கு விளங்காததைப் பிறகு அவளே சொன்னாள்.

முதலில் அவளுடைய குரல் கொஞ்சம் உடைந்தது. ஒரு ஆம்பிளை மற்றப் பக்கத்தில். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டான். அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் தன் வாயில் வந்த ஒரு சொல்லைச் சொன்னாள். ரீக்குத் தேத்தண்ணி ரீ, எச்சுக்கு ஹொஸ்பிற்றல், ஏக்கு அப்பிள், என்னுக்கு நேர்ஸ், ஈக்கு எக், எஸ்சுக்கு சுகர். அவளுடைய சமையலறை முழுவதும் வந்தது. பிறீசருக்கு மேல் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்படிச் சொல்வதில்லையாம், அதற்கென்று வேறு சொற்கள் இருக்கிறதாம்.

அந்தப் பையன் பெயரைத் திருப்பி வாசித்தான். பிழை. தனேஸ்வரி நிற்பாட்டினாள். இல்லை, திரும்ப எழுதும் என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டு முதலில் இருந்து எழுதினான். அதிலும் ஒரு எழுத்து விடுபட்டது. அதையும் விடவில்லை. விளங்கவில்லை என்று ஒருவரும் போனை வைக்கவில்லை. மிஸ்டரா, மிஸ்ஸா, மிஸிஸா என்று கேட்டான். மிஸிஸ் என்றாள். எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டான். இன்றைக்கே, முடிந்தால் இப்போதே என்றாள்.

பிறீசருக்கு மேலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பிள்ளை, இப்ப ராகுகாலம்."

தனேஸ்வரி போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"ராகு வந்தால் அவருக்கும் ரெண்டு றோல்ஸ் குடுப்பம் சித்தப்பா. எழும்பாதேங்கோ, மூடி திறபடும்."

பின்னேரம் போலக் கறண்ட் வந்தது. பிறீசர் உறுமத் தொடங்கியபோது அவர் அதற்கு மேல் இல்லை. கால் விறைத்துவிட்டது என்று ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார். மேல் அடுக்கில் இருந்தவை இளகிப்போயிருந்தன. தனேஸ்வரி ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்துப் பிரித்தாள். இளகினதைத் திரும்ப விறைக்க வைத்து மற்றவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று எறிந்தாள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. என் பிள்ளைதானே, எங்கே கேட்கப்போகிறாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, குறைந்ததை இரண்டு பேருமாக இருந்து உருட்டினோம்.

சனிக்கிழமை வரவேற்பில் ஒரு தட்டும் மிஞ்சவில்லை. கதிர்காமநாதனும் வந்திருந்தார். கோட்டுப் போட்டு, கையில் ஒரு றோலோடு நடுமண்டபத்தில் நின்று, கறண்ட் கம்பெனிக்காரனைத் தான் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கறண்ட் எடுத்துக் கொடுத்தாராம். நான் கிட்டப் போனேன்.

"ஓம், பிறீசருக்கு மேலை குந்தியிருந்துதான் எடுத்துத் தந்தவர்," என்றேன்.

"அக்கா எப்பவும் பகிடிதான்," என்று சிரித்தார் அவர். கேட்டுக்கொண்டு நின்றவர்களும் சிரித்தார்கள். அதில் ஒரு மனிதர், அடுத்த மாதம் தானும் புது வீட்டுக்குப் போவதாகவும், காஸ் அலுவல் ஒன்று கிடப்பதாகவும் சொல்லி அவருடைய நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தச் சனத்துக்கு நான் என்ன சொல்ல.

தனேஸ்வரியைத் தேடினேன். மண்டபத்துக்கு வெளியே, கார் நிற்கிற இடத்தில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் நின்றாள். யாரோ வெள்ளைக்காரப் பெண், வேலைத்தலத்து விருந்து ஒன்றுக்கு றோல்ஸ் வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று கேட்டாளாம். என்னைக் கண்டதும், பொறுங்கோ அம்மா என்று கையைக் காட்டிவிட்டு, இவள் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.