அறுபது நெற்றிகள்

லினோலியப் பலகையில் செதுக்கி அச்சடிக்கும் லினோகட்டில் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டு. வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும், வெட்டாமல் விட்ட இடம்தான் மை வாங்கி அச்சாகும். அடுத்தது, அச்சில் இடம் வலமாகும். இரண்டையும் எழுதி எங்கள் சைகான் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழே என் தவறுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கணவரின் தலைவகிடு பக்கம் மாறியது. மை அதிகமாகி இலை நரம்புகள் அடைத்துப் போயின. ஒருமுறை லினோலியத் துணுக்கு ஒன்று ரசத்தில் மிதந்தது. அதையும் எழுதினேன்.

சைகானை அடுத்த பின் யுவோங் மாகாணத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளர். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய், மற்றவர்கள் செய்த பொருளில் குறை தேடுவேன். குறை இருக்கும் பலகையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவேன். குறையைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கையோடு போகும். பார்த்தும் விட்டால் வேலையே போய்விடும். இந்த விதியை நான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அந்த மழைக்காலத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

மாமனாரும் மாமியாரும் காரைக்காலில் இருந்து மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார்கள். மாமாவுக்கு அறுபது நிறைகிறது. திரும்பிப் போனதும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கணவர் கூடப் போகிறார். கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கு குவிந்திருந்ததால் எனக்கு விடுப்பு இல்லை. வரமுடியாத மருமகளின் பங்காக, இருவரையும் லினோகட்டில் செதுக்கி அறுபது படங்கள் அச்சடித்து, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாம் என்று நானேதான் சொன்னேன்.

"என் மூஞ்சிய அறுபது பேரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவணுமா? பாவம்மா அவங்க" என்று அத்தை சிரித்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அடுத்த நாளே பட்டுப்புடவை கட்டி, மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பார்த்துச் செதுக்கப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

நான் பட்டியல் போட்டேன். படத்தைத் திருப்பி வரைய வேண்டும். மூக்குத்தி எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோள், மாமாவின் கைக்கடிகாரம் எந்தக் கை. எல்லாம் சரிபார்த்துத்தான் உளியை எடுத்தேன். மூன்று வாரம், சனி ஞாயிறுகளில் சாப்பாட்டு மேஜையில் வேலை. மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடுவார்.

நெற்றி கடைசி வேலை. சுற்றிலும் வெட்டி எடுத்து, நடுவில் பொட்டை மட்டும் ஒரு சின்னத் தீவு போல மேடாக விட வேண்டும். பாதி சுற்றியிருப்பேன். சமையலறையில் இருந்து அத்தையின் குரல்.

"ஏம்மா, இந்த மீன் தண்ணி பாட்டில எண்ணெய்க்குப் பக்கத்துல யாரு வச்சது? சாம்பாருக்குத் தாளிக்கப் போயிட்டேன்!"

இந்த ஊர் மீன் சாஸுக்கு அத்தை வைத்த பெயர் அது. சிரித்துவிட்டேன். உளி ஓடிவிட்டது. பொட்டுக்காக விட்ட மிளகளவுத் தீவு பெயர்ந்து உளி நுனியில் சுருண்டு நின்றது.

ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. புதுப் பலகை எடுத்தால் இன்னும் மூன்று வாரம், அதற்கு நேரம் இல்லை. பட்டியலின் கடைசியில் எழுதினேன்: பொட்டு, சிவப்பு மை, கையால். அடுத்த சனிக்கிழமை அறையைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அறுபதையும் அச்சடித்தேன். முதல் படத்தில் சிவப்பு மையால் பொட்டு வைத்தேன். மெல்லிய காகிதம், மையின் எண்ணெய் ஊறி நெற்றியில் காயம் போலப் பரவியது. அதைக் கிழித்துப் போட்டு, வேறொன்று அச்சடித்து எண்ணிக்கையைச் சரிசெய்தேன். பட்டியலின் கடைசி வரியை அடித்தேன். படம் இப்படியே சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய படங்களை அவர்களுக்குக் காட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "என் சட்டைப் பொத்தானப் பாரேன், அஞ்சும் அப்படியே நிக்குது" என்றார்.

அத்தை முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கொடியின் கடைசிவரை நடந்துவிட்டு வந்தார். "நெத்தி சும்மா இருக்கேம்மா?" என்றார். குரலில் கோபமே இல்லை.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. நான் சொன்னது வேறு. "லினோகட்ல அவ்வளவு சின்னப் புள்ளி நிக்காது அத்தை. இந்தக் கலையோட டெக்னிக்கே அப்படித்தான்."

பொத்தான்கள் ஒவ்வொன்றும் பொட்டைவிடச் சின்னவை. என் வாயால் சொல்லும்போதே என் கண் அவற்றின் மேல்தான் இருந்தது.

"அப்படியா" என்றார் அத்தை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்று சாயங்காலம் காரைக்காலில் இருக்கும் நாத்தனாருக்கு வீடியோவில் படத்தைக் காட்டினார்கள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. "என்னம்மா இது? அப்பா குத்துக்கல்லாட்டம் பக்கத்துல உக்காந்திருக்காரு, உன் நெத்திய அழிச்சு வச்சிருக்காங்க அண்ணி! கல்யாணத்துல குடுக்கற படமா இது? அப்பா கூடப் பொறந்த அத்தைங்க எல்லாம் சும்மா விடுவாங்களா?"

"நான் உசிரோடதான்டி இருக்கேன், காப்பி குடிச்சிட்டு" என்று மாமா சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அத்தை சொன்னார், "அந்தக் கலையில சின்னப் புள்ளி நிக்காதாம்டி. தெரியாம பேசாத. எஞ்சினியர் படிச்ச புள்ள, வாரக்கணக்கா உக்காந்து செஞ்சிருக்கு. உனக்கு ஒரு கோலம் நேராப் போட வருமா?"

என் பொய் அவர் வாயில் எனக்காக வாதாடியது. கையில் வெங்காயம் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. போய்ச் சொல்லவில்லை. இரவு கணவர் கேட்டபோதும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து வழக்கம்போலப் பட்டியல் போட்டேன்: உண்மையைச் சொல்வது, படங்களை நிறுத்திவிடுவது, சும்மா இருப்பது. மூன்றாவதைத்தான் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, மழையில் நனைந்து வீட்டுக்குள் வந்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்கப் படங்கள். அத்தை ஒரு கையில் படத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல் நுனியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஏந்திக்கொண்டிருந்தார். மாமா அட்டையில் இருந்து பொட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அத்தை வைக்கும் மிளகளவுப் பொட்டு கிடைக்காது என்று பயந்து, மூன்று மாதத்துக்குக் கணக்காக ஊரில் இருந்து கொண்டுவந்த அட்டைகள் அவை. அத்தையின் நெற்றியில் வெறும் குங்குமம்தான் இருந்தது.

"கலையில நிக்கலன்னா என்ன, ஒட்டிட்டா போச்சு" என்றார் நிமிராமல்.

புருவம் இரண்டுக்கும் நடுவே, ஒரு படத்தில்கூட நூலளவு விலகாமல் ஒட்டியிருந்தார். நான் ஈர உடையோடு நின்றேன். தொழிற்சாலையில் அன்று மட்டும் எத்தனை சிவப்பு வட்டம் ஒட்டிவிட்டு வந்திருந்தேன்.

"அத்தை, சின்னப் புள்ளியும் நிக்கும். நான்தான் கை தவறி வெட்டிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

மாமா பிரிப்பதை நிறுத்தினார். அத்தை நிறுத்தவில்லை. கையில் இருந்த பொட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"பொத்தான் அஞ்சும் நிக்குதே, எனக்கென்ன கண்ணா தெரியாது?"

"அப்பறம் ஏன் உங்க பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவகிட்ட கை தவறிடுச்சுன்னு சொன்னா சாவுற வரைக்கும் உனக்குச் சொல்லிக் காட்டுவா. நான் பெத்தவதானே, தெரியாதா?" பிறகு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயாச்சும் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்மா. போயி தலையத் துவட்டிட்டு வா. இன்னும் இருபது இருக்கு."

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மாமாவின் கையில் இருந்த அட்டையை வாங்கினேன். நகக்கண்ணில் கறுப்பு மை இன்னும் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் விரல் நுனியில் வைத்தேன்.

அறுபதாம் கல்யாணம் முடிந்து கணவர் திரும்பிய அடுத்த மாதம் புதுப் பலகை எடுத்து அத்தையின் முகத்தை மறுபடி செதுக்கினேன். இந்த முறை நெற்றியில்தான் தொடங்கினேன். பொட்டு மேடாக, உறுதியாக நிற்கிறது. கணவர் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு ஒண்ணு அனுப்பேன்" என்றார். பலகையைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அத்தை தன் பொட்டை ஒட்டிய அந்த அறுபதையும் நினைத்தால், அதில் மை தடவ இன்னும் கை வரவில்லை.