மழையை நிறுத்திய அத்தை

எங்கள் ஊரில் இரண்டு வருடம் மழை பெய்யாமல் போனதற்கு என் அத்தைதான் காரணம் என்று முடிவு கட்டியவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை. பென்னாகரம் பக்கத்து ஆட்களான எங்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் ஒகேனக்கல்தான்.

அத்தை அப்பாவின் தங்கை. அதியமான்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, முன்பல் உடைந்த வாயோடு ஓர் ஆனி மாதம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த ஆடியில் விதைத்த ராகி முளைத்த கையோடு காய்ந்தது. மறுவருடமும் அப்படியே. ஆடு மாடுகளைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளினார்கள். எல்லாம் அவள் காலெடுத்து வைத்த நேரம் என்று ஊர் பேசியது. அவள் பல்லை உடைத்தவனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

மழை தவறினால் எங்கள் பக்கம் கொடும்பாவி இழுப்பார்கள். யாரோ செய்த பாவம்தான் மழையைத் தடுக்கிறது என்று, வைக்கோலில் பெண் பொம்மை கட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். பாவி யாரென்று பெயர் சொல்வதில்லை. யார் வீட்டுக் கந்தலையாவது சுற்றிவிடுவார்கள். அந்த வருடம் மட்டும் ஊர்ப்பெரியவர் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"உந்தங்கச்சி சீலை ஒண்ணு குடுப்பா. பொம்மைக்குத்தான கேக்கறோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கிணற்றுத் தண்ணீருக்கு அவர் ஊரைத்தான் நம்பியிருந்தார். அத்தையே உள்ளே போய், வந்த அன்று உடுத்தியிருந்த பச்சைச் சேலையை எடுத்து வந்து கொடுத்தாள். அது புழுதியில் இழுபட்டுப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகும் மழை இல்லை. பொம்மையால் ஆகாததை ஆளை அனுப்பி முடிக்கலாம் என்றார்கள். அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்து, அத்தையைப் புருஷன் வீட்டுக்கே பஸ் ஏற்றினார்கள். நான் அவள் முந்தானையை விடவில்லை.

"அழுவாத கண்ணு. மழ பேஞ்சா வூட்டுக்கு வந்துர்றேன்" என்றாள்.

இப்போது நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். பசிபிக் கடல்மேல் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெதுவெதுப்பான நீரை ஆசியப் பக்கம் தள்ளும் என்றும், அது தளர்ந்தால் நம் பருவமழை பெரும்பாலும் குறையும் என்றும், அந்தக் காற்று வருடத்துக்கு வருடம் மாறுவதோடு, சில பத்தாண்டுகள் வலுத்தும் சில பத்தாண்டுகள் தளர்ந்தும் வீசும் என்றும் போர்டில் அம்புக்குறி போட்டு விளக்குகிறேன். ஒவ்வொரு முறையும் சாக்பீஸ் உடைகிறது. எங்கோ ஒரு காற்று தளர்ந்ததற்கு இங்கே ஒரு பெண்ணின் சேலையை உருவிக்கொண்டு போனார்களே!

அத்தை போன அடுத்த ஆடியில் காற்று தன்பாட்டுக்கு மாறியது. மழை கொட்டித் தீர்த்தது. தெருவில் நின்றவர்கள் எங்கள் வாசலைப் பார்த்து ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். நான் நனைந்தபடியே ஓடிப்போய் அப்பாவின் செல்போனை எடுத்தேன்.

"அத்த, மழ பேயுது! இனி நீ வந்துரலாம்!"

மறுமுனையில் அவள் குரல் மெலிந்து கேட்டது. "அப்டியா கண்ணு, நல்லாப் பேயட்டும்" என்றாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஊருக்கே கேட்கும்படி இன்னும் உரக்கக் கத்தினேன். அவள் போனதால்தான் மழை வந்தது என்று ஊர் தீர்மானித்துவிட்டது, இனி அவள் வரவே முடியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.