டப்பா இங்க இருக்கட்டும்

நானும் தம்பியும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோனால்கூட அம்மா நிதானமாகத்தான் தேடுவார். அடுக்களை அலமாரியில் டப்பா ஒன்றின் மூடி காணவில்லை என்றால் மட்டும் வீடு இரண்டுபட்டுவிடும். கூலிமில் ஒரு சீன ஆன்ட்டி தன் வீட்டில் தேநீர் விருந்து வைத்து, விளையாட்டு நடத்தி, பெண்களை மயக்கி விற்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் அவை. ஒவ்வொன்றின் அடியிலும் அம்மா மார்க்கர் பேனாவால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்திருந்தார். எங்கள் பள்ளிச் சட்டையில்கூட அப்படி எழுதியதில்லை.

இருப்பதிலேயே பெரியது நீல மூடி போட்ட சதுர டப்பா. அதை வருஷத்தில் ஒருமுறைதான் இறக்குவார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் டப்பாக்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பலகாரம் வைத்துக் கொடுத்த டப்பா வெறுமையாகத் திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அதில் கூவே பலகாரம் வைத்து அனுப்புவார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுத் தருவார். கொடுக்க ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது போட வேண்டும். கழுவித் துடைத்து வெறும் டப்பாவாகக் கொடுத்தால், இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. டப்பா தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை என்னுடையதாக இருந்ததால் தானாகவே தெரிந்துகொண்டேன்.

நாங்கள் கரங்கானில் இருந்தோம். அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் மாமா, சிடாம் கிரியில் இருந்தார். அம்மா சிறுமியாக இருந்தபோதே தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாமாதான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அம்மாவைப் படிக்க வைத்து, அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தவர். அவரைப் பற்றி அம்மா சொல்லும் கதைகளில் முக்கால்வாசி அடி வாங்கிய கதைகள். எனக்கு மிகவும் பிடித்தது முறுக்குக் கதை. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் தாத்தா பாட்டி படத்துக்கு முன்னால் படையல் போடும்வரை மாமா வீட்டில் யாரும் பலகாரத்தில் விரல் வைக்கக் கூடாது. உப்புச் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது. அம்மா ஒருமுறை ஒடிந்த முறுக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதற்கு, மாமா கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒன்று வைத்தாராம். செத்தவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி உனக்கு என்ன அவசரம் என்று கேட்டாராம். அம்மா இதைச் சொல்லிவிட்டு அந்தப் புறங்கையைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

இப்படிப்பட்ட அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் எனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்கமாட்டேன் என்ற நிலைக்குப் போய்விட்டேனாம். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு மாறி மாறித் துணை இருந்தவர்கள் கரங்கானில் கடைவீட்டு மாடியில் நடக்கும் சின்னச் சபையின் பெண்கள். நான் பிழைத்தேன். அம்மா அந்த மாடிப்படி ஏற ஆரம்பித்தார், அப்பா பின்னாலேயே போனார், இருவரும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். மாமா அதற்கெல்லாம் கோபப்படவில்லை. உனக்கு நல்லது என்றால் சரி என்று மட்டும் சொன்னாராம்.

வினை தீபாவளியில் வந்தது. எப்போதும்போல் மாமா தீபாவளியன்று காலையில் மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் பலகாரம் கொண்டு வந்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு வேகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதோடு சபையில் ஒரு அக்கா, படைத்ததைத் தொடக்கூடாது என்று அம்மா காதில் ஓதி வைத்திருந்தார். அம்மா கேட்டருகே நின்றுகொண்டு, படைத்தது என்றால் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டார். மாமா அப்படியே மோட்டாரைத் திருப்பினார். அப்பா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அது வேற யாருக்கோ வச்சது இல்ல லா. அவங்க அப்பா அம்மாவுக்கு வச்சது. இவங்களுக்கும் அதே அப்பா அம்மாதானே."

பிறகு அம்மா அழுதுகொண்டே பாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் வேண்டாம் என்றது பலகாரத்தையா அண்ணனையா என்று அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும் என்று பாஸ்டர் திருப்பிக் கேட்டாராம். அம்மா போன் செய்து பார்த்தார். மாமா எடுக்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் நீல மூடி டப்பா முதல்முறையாகக் கீழே இறங்கியது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வேலை இதுதான். அம்மா பழக்கேக், அன்னாசி டார்ட், அச்சு முறுக்கு எல்லாவற்றையும் அந்த டப்பாவில் அடுக்குவார். ஒடிந்தது ஒன்றுகூட உள்ளே போகாது. ஒடிந்தவை தம்பிக்கும் எனக்கும். அப்பா காடியை எடுப்பார். சிடாம் கிரியில் மாமா வீட்டு முனை திரும்புவதற்கு முன்னாலேயே காடியை நிறுத்திவிடுவார். அம்மா இறங்கமாட்டார். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவேன். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வாசலில் வாங்கிக்கொள்வார். என் கன்னத்தைக் கிள்ளி, படிப்பைப் பற்றிக் கேட்டு, உள்ளே போய்ப் பலகாரத்தைத் தட்டில் மாற்றிக்கொண்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டு வருவார். என் கையில் கொடுக்கும்போது அத்தையின் கண் வேறெங்கோ இருக்கும். வெறும் டப்பா. மாமாவின் உத்தரவு.

நான் காடிக்குத் திரும்பியதும் அம்மா டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்து பார்ப்பார். தூக்கும்போதே வெறுமை என்று தெரியும், இருந்தாலும் திறந்து பார்ப்பார். பிறகு மூடிக்கொண்டு, "நல்லாக் கழுவி இருக்காங்க" என்பார். எல்லா வருஷமும் இதே வாக்கியம். ஞாயிறு பள்ளியில் டீச்சர் அக்கா, கண்ணால் காணாததை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் நம்பிக்கை என்று விளக்கியபோது மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அது காடியின் முன்சீட்டில் வருஷா வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். உங்கள் மாமா வீட்டில் பாத்திரம் கழுவுகிற சோப்பு நல்ல சோப்பு, என்ன பிராண்ட் என்று கேட்டு வா என்று என்னிடம் சொல்வார். அம்மா முறைப்பார், பிறகு அவரும் சிரித்துவிடுவார். வீடு திரும்பியதும் எதுவும் நடக்காதது போல இரவு ஆராதனைக்குப் புடவை தேடுவார். துக்கத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறவர் இல்லை எங்கள் அம்மா. ஆனால் இரவு ஜெபத்தில் மாமா பெயர் விடுபட்டதே கிடையாது. டீச்சர் அக்கா சொல்லித் தந்தபடி, மாமா இரட்சிக்கப்பட வேண்டும் என்று அம்மா கேட்பார் என நான் காத்திருப்பேன். அம்மா கேட்டதெல்லாம், அண்ணன் நம் வீட்டில் ஒருவாய் சாப்பிட வேண்டும் என்பதுதான். கடவுளிடம் போய் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு முடித்த வருஷம் அது. வழக்கம்போல டப்பாவோடு போனேன். அத்தை இல்லை, மகளின் பிரசவத்துக்காகப் பட்டர்வொர்த் போயிருந்தார். வீட்டு வாசல் அஞ்சடியில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இனிப்பு நீர் வியாதியில் மெலிந்திருந்தார். எனக்குக் கரண்டிக் காம்பு ஞாபகம் வந்து, டப்பாவை நீட்டிய கையை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வாங்கிக்கொண்டார். அம்மா காடியிலா இருக்கிறாள் என்று கேட்டார். தலையாட்டினேன். டப்பாவோடு உள்ளே போனார். அடுக்களையில் டின்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு கேட்டது. ஏதோ கீழே விழுந்து உருண்டது. வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வாசலுக்கு வந்தார்.

"டப்பா இங்க இருக்கட்டும்," என்றார். "போயி அம்மாக்கிட்ட சொல்லு."

இருப்பதிலேயே பெரிய டப்பா. அதைப் பறிகொடுத்துவிட்டு அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? காடிவரை அழுதுகொண்டே ஓடினேன். மாமா டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று கொஞ்சம் காரசாரமாகவே முறையிட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். உள்ளே என்ன சத்தம் கேட்டது என்று கேட்டார். டின்களைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "சீனி டின்னு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியல," என்றார் அப்பாவிடம். "வெறுமனே குடுக்க மனசு வரலங்க."

டப்பா போய்விட்டது, இனி கனவில்தான் பார்க்கலாம் என்றார் அப்பா. அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெறும் டப்பாவாவது கையில் வந்த வருஷமெல்லாம் இவ்வளவு சந்தோஷப்படாதவர், டப்பாவே போன வருஷம் பாடுகிறாரே!

அதற்குப் பிறகு பல மாதங்கள் அலமாரியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. சீன ஆன்ட்டி அதே அளவில் புது டப்பா வந்திருக்கிறது என்று போன் செய்தபோது, எங்களிடம் ஒன்று இருக்கிறதே என்று அம்மா சொன்னதை நானே கேட்டேன். இரவு ஜெபத்தில் அம்மா மாமாவுக்காக வேண்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்காக வேண்டினேன். இரண்டும் ஒரே விண்ணப்பம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷத் தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கேட்டருகே மோட்டார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மோட்டாரின் முன்கூடையில், கயிறு கட்டி, நீல மூடி டப்பா.

அம்மா துவைத்துக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தார். கேட்டைத் திறந்தார். மாமா கயிற்றை அவிழ்த்து டப்பாவை நீட்டினார். அம்மா வாங்கி, அங்கேயே மூடியைத் திறந்தார். முறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம். மூடியை என் கையில் திணித்துவிட்டு, ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கையில் சோப்பு நுரை இருந்தது. படைத்ததா என்று கேட்கவும் இல்லை, தயங்கவும் இல்லை.

மாமா அவசரமாகச் சொன்னார். "இன்னும் படைக்கல. சாயங்காலந்தான் படையல்."

அம்மா வாய் நிறைய முறுக்கோடு, "படைச்சிருந்தாலும் சாப்ட்டிருப்பேண்ணே," என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் அழுத அழுகை இருக்கிறதே, மக்சிக் தன் கேட்டுக்கு வந்துவிட்டார். யார் செத்தது என்று என்னிடம் கையால் கேட்டார். யாரும் இல்லை, முறுக்குதான் என்று நான் மலாயில் சொன்னேன். அப்பா மாமாவின் ஹெல்மெட்டைக் கழற்றி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மதியம் சமைத்த மீன் குழம்பு இருந்தது. மாமா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். அம்மா பரிமாறிய கையை அவர் பார்த்தார், புறங்கையில் கரண்டி பட்ட இடத்தை.

டப்பா திரும்பி வந்த திருப்தியில் நான் அதன் அடியைப் புரட்டி மார்க்கர் எழுத்தைச் சரிபார்த்தேன். எழுத்து அழியாமல் இருந்தது. என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. அதோடு எனக்கு எல்லாம் முடிந்தது.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மாமா எப்போதும் பலகாரம் கொண்டு வருவது தீபாவளியன்று காலையில் என்றுதானே அப்பா சொன்னார்? வயதாகிவிட்டது, நாளை மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். ஒடிந்த முறுக்கு ஒன்றுக்காகத் தங்கையின் கையில் அடித்த மனிதர், பெற்றவர்களுக்குப் படைப்பதற்கு முன்னாலேயே, தன் வீட்டில் யாரும் விரல் வைக்காத பலகாரத்திலிருந்து, முதல் முறுக்கைத் தங்கைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பதை அறிய எனக்கு இன்னும் பல வருஷங்கள் தேவைப்பட்டன. அன்று நான் அவருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, அவர் கை கழுவும்போது அருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, தீபாவளி நாளைக்குத்தான்."

"தெரியும்மா," என்றார் மாமா.