டால்டா டப்பாக் கள்ளிகள்

வெயிலில் செத்த கள்ளிச்செடியை நான் இதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகிச் செத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளில் பொம்மிடியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் இதை ஒருத்தியும் நம்பவில்லை. அதனால் என் பிள்ளை சாகக் கிடந்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். பெங்களூருக்கு லோடு அடிப்பார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாணமான புதிதில், வழியில் ஒரு நர்சரி பக்கம் டீ குடிக்க வண்டியை நிறுத்தியவர், உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு முழம் பூ வாங்கி வரத் தெரியாத ஆள், முள்ளை வாங்கி வந்திருக்கிறாரே என்று சண்டை போட்டேன். செத்துத் தொலையட்டும் என்று ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அந்த மூலையிலேயே அது பூத்தது. வெளிர்மஞ்சளில், பட்டுத்துணி போல ஒரு பூ. இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். தூண்போல நேராக வளர்வது, விரல்விரலாகத் தொங்குவது, இலையே தடிமனாக இருப்பது என்று சேர்ந்துவிட்டது. சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வருகிற ஒரு பொம்பளை கள்ளிமுளையான் விற்பாள். மலையில் பாறை இடுக்கில் முளைக்கிற தண்டு, அப்படியே மென்று தின்னலாம். வாங்கியதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நட்டு வைத்தேன்.

தொட்டி வாங்க வசதி இல்லை. டால்டா டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஆற்றுமணலும் உடைந்த செங்கல் தூளும் கொஞ்சம் மக்கிய சாணமும் கலந்து போடுவேன். ஒடித்த துண்டை உடனே நடக்கூடாது. வெட்டின இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் சும்மா போட்டுவைக்க வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். தண்ணீர் எப்போது வேண்டும் என்பதை டப்பாவைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். காய்ந்த டப்பா கையில் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அப்படி இருந்தாலும் அவசரப்பட மாட்டேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனையோ செடிகளைச் சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. லைன் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கிணறு. கிணறும் நிலமும் வீட்டு ஓனருடையவை. ஓனரம்மா எங்களைவிட வயதில் மூத்தவள், நாலு தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்க்கிற குடும்பம். தண்ணீர் அடியில் போய்விட்டதும் அவள் கயிற்றையும் வாளியையும் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் வெளியே கொண்டு வருவாள். வீட்டுக்கு வீடு முறை வைத்து இறைக்க வேண்டும். முடிந்ததும் கயிறு உள்ளே போய்விடும். அதில் நான் தப்பு சொல்ல மாட்டேன். அவள் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் கிணற்றடியில் கொலை விழுந்திருக்கும்.

என் பையனுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. அந்தக் கோடையில் அவனுக்குப் பேதி பிடித்தது. நிற்பதுபோல நின்று மறுபடி வந்தது. டாக்டர், தண்ணீரைக் காய்ச்சி உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்துக்கொண்டே இரு, துணியை உடனுக்குடன் அலசு, அசுத்தம் இருந்தால் திரும்பத் திரும்ப வரும் என்றார். தலையின் உச்சிக்குழி உள்ளே இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொன்னார். ஓனரம்மாவிடம் போய் நிலைமையைச் சொல்லிக் கூடுதலாக ஒரு குடம் கேட்டேன். முதலில் கொடுத்தாள்.

லைனில் எல்லார் வீட்டுச் செடியும் கருகிவிட்டது. மல்லிகைப் பந்தல் விறகாகிவிட்டது. கறிவேப்பிலை மொட்டையாக நின்றது. என் வீட்டு வாசல் சுவரில் மட்டும் டப்பா டப்பாவாகப் பச்சை. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. மற்றவர்களுக்குப் பட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு டெய்லரின் சம்சாரம் இருந்தாள். வாய் அதிகம். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் எல்லாரும் நிற்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்கூட்டு மல்லி சுருண்டு செத்துப் போச்சு. இவங்கூட்டு முள்ளு மட்டும் மாமியார் வூட்டுல விருந்து தின்னுட்டு வந்த மாப்ள கணக்கா கொழுகொழுன்னு நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். ஓனரம்மா சிரிக்கவில்லை. நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, கொளந்த துணிக்குன்னு சொல்லித்தான ஒரு குடம் சேத்து வாங்கற? அது துணிக்குப் போவுதா, டப்பாவுக்குப் போவுதா?"

இந்தச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம், பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்று சொன்னேன். பச்சையாக இருக்கிறதே என்றார்கள். அதன் குணம் அப்படி என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பொம்பளை இப்படிப் பொய் சொல்கிறாளே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய் தூண் கள்ளி டப்பாவையும் அரிவாளையும் எடுத்து வந்தேன். மண்ணில் ஈரமே இல்லை, தண்ணீரைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான். கிணற்றுத் திட்டில் வைத்து ஒரே வெட்டு.

மண் சாம்பல்போலக் காய்ந்திருந்தது. அதை ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வெட்டின இடத்தில் இருந்தது. உள்ளே வெள்ளரிக்காய் மாதிரி வெளுப்பாக, ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. டெய்லர் சம்சாரம் அதை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இது என்னாங்க, பன்னீருங்களா?"

மழை பெய்கிறபோது குடித்ததை உடம்பில் வைத்துக்கொண்டு மெதுவாகச் செலவழிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். போன வருஷத்துத் தண்ணீரை இந்த வருஷம்வரை வயிற்றில் வைத்திருக்கிறதாம் என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள். என் சாட்சியை நானே வெட்டி அவர்கள் பக்கம் சேர்த்துவிட்டேன். ஓனரம்மா கயிற்றைச் சுருட்டினாள்.

"அத்தனையும் குப்பைல கொட்டு. அப்பறம் வந்து கயித்தத் தொடு."

கொட்டியிருக்கலாம். அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும். என் வீட்டுக்காரர்கூடப் பின்னால் அதைத்தான் சொன்னார். ஆனால் கொட்டினால் திருடினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆயுசுக்கும் அந்த லைனில் நான் தண்ணீர் திருடி. அதனால் வேறு ஒன்று சொன்னேன். எல்லா டப்பாவையும் நீங்களே உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாதீர்கள், மழை வரும்வரை பச்சையாக இருந்தால் நான் திருடவில்லை, வாடினால் நான் திருடிதான் என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அதுவரை குடிக்க மட்டும் ஒரு குடம், துணிக்குக் கிடையாது என்றாள். டப்பாக்களைச் சுமந்துபோய் அவள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தேன். வெட்டுப்பட்ட தூண் கள்ளியையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு துணி அலச வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்புசெட் ஓடும். பிள்ளையை இடுப்பிலும் நாற்றமெடுத்த துணி மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு போவேன். கரண்ட் இருந்தால் வாய்க்காலில் அலசிக்கொள்ளலாம். ஒரு நாள் கரண்டே வரவில்லை. மதியம்வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பிள்ளை துவண்டு கிடந்தான். அழுதான், கண்ணில் தண்ணீர் வரவில்லை. அலசாத துணியை அப்படியே திருப்பித் தூக்கி வந்தேன். குடிக்கிற குடத்திலிருந்து எடுத்து அலசினேன், அன்று நான் குடிக்கவில்லை. வீட்டுக்காரர் எந்த ஊரில் இருந்தார் என்று தெரியாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்ப்பேன். இறங்கியிருக்கிறதா, என் விரல்தான் பயத்தில் அழுத்துகிறதா என்று எனக்கே புரியாது.

இரண்டு வாரம் போயிருக்கும். அன்று கயிறு வெளியே வர நேரமானது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓனரம்மாவைத் தேடி அவள் வீட்டுப் பின்பக்கம் போனேன். தாழ்வாரத்தில் ஈ மொய்த்தது. புளித்த கள் நாற்றம். தூண் கள்ளி மடங்கிச் சாய்ந்து கிடந்தது. தொட்டேன், விரல் உள்ளே போனது. உருண்டைக் கள்ளி அடியில் பழுப்பேறி, அழுகின தக்காளி மாதிரி இருந்தது. வெயிலில் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டப்பாவைத் தூக்கினேன். கனத்தது.

ஈய உருண்டைபோலக் கனத்தது. அடுத்ததைத் தூக்கினேன், அதுவும். சாய்த்தேன். ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி என் காலில் விழுந்தது.

அந்த ஊரில் நிலத்தில் எங்கு தோண்டினாலும் ஈரம் கிடையாது. இந்த டப்பாக்களில் சேறு. டப்பாவை அப்படியே மறு இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அதற்குள் ஓனரம்மா கயிற்றோடு அங்கே வந்து நின்றாள். லைனில் எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். டப்பாவைத் திட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினேன். சேறும் அழுகலும் சொத்தென்று விழுந்தது.

யார் ஊற்றினது என்று கேட்டேன். டெய்லர் சம்சாரம் சேற்றைப் பார்த்தாள், ஓனரம்மாவைப் பார்த்தாள். ஓனரம்மா மறைக்கவில்லை. அவள் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருடும்போது பிடிபட்டவள் முகம் இல்லை அது. நியாயம் சொல்ல வருகிறவள் முகம்.

"பச்சச் செடிய வூட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எப்பிடிம்மா தண்ணி ஊத்தாம கெடக்கறது? நானும் காட்டுல பயிரு வக்கிறவதான். கண்ணு முன்னால வாடிச் செத்தா அந்தப் பாவம் எந்த வூட்டு மேல வுழும்? தெனம் ஒரு சொம்புதான் ஊத்துனன்."

எனக்காகச் செடியைக் காப்பாற்றியதாக அவள் நினைத்திருக்கிறாள். வாடினால் உன்னைத் திருடி என்று சொல்லிவிடுவார்கள், அதையும் நினைத்துத்தான் ஊற்றினேன் என்றாள். அது உண்மையாகக்கூட இருக்கலாம். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"முள்ளு வாடுனா பாவம்னு தெரிஞ்சுதே. எம்புள்ள வாடுனது உங்க கண்ணுல படலீங்களா?"

நான் கத்தவில்லை. கத்த உடம்பில் தெம்பு இல்லை. இடுப்பில் என் பையன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், அதுவரை பார்க்காதவர்கள்போல.

ஓனரம்மா கயிற்றையும் வாளியையும் திட்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள். நான் இறைத்தேன். வாளியில் கலங்கல் வரும்வரை இறைத்தேன். டெய்லர் சம்சாரம் பையனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று சேலையில் முதுகோடு கட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்த துணி அத்தனையையும் வெந்நீரில் போட்டு அலசிக் காயப்போட்டேன். பேதி நிற்க இன்னும் சில நாள் ஆனது. ஆனால் நின்றது.

செடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழுகல் ஏறாத நுனி கிடைத்தால் வெட்டிக் காயவைத்துப் பிழைக்க வைக்கலாம். ஒவ்வொன்றாக மேலே மேலே வெட்டிப் பார்த்தேன். நுனிவரை பழுப்புப் புள்ளி இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்த அன்று சாயங்காலம் ஓனரம்மா என் வாசலில் வந்து நின்றாள். பையனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உட்காரச் சொல்லி நான் பாய் போடவில்லை.

"கயிறு நாளைக்கும் வெளியதான இருக்கும்?" என்றேன்.

"இருக்கும்மா."

மழை வரும்வரை கயிறு வெளியிலேயே இருந்தது. அதுவரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு அதை நிறுத்தினேன். மழை வந்து கிணறு நிறைந்த பிறகும் கூப்பிடவில்லை.