அத்தைக்குப் பிடித்த பேய்ப் பயம்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்தது ஒரே ஒரு முறைதான். அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணமான முதல் ஆடிக்குப் பெருங்களத்தூர் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். முன்பு வாய் ஓயாமல் பேசும் அத்தை, அந்த முறை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதற்கு அப்பா கண்டுபிடித்த மருந்துதான் டெக்.

"குடும்பப் படம்லாம் வெளிய பூடுச்சு சார். பேய் படம் ஒண்ணுதான் கீது. போட்டுப் பாருங்க, ஷோக்கா இருக்கும்" என்றார் கொண்டுவந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில். கதை சிறியது. வரதட்சணை போதவில்லை என்று மருமகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, ஸ்டவ் வெடித்தது என்று அழுகிறாள் மாமியார். மருமகள் பேயாக வந்து ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். தலைவிரிகோலமாகப் பேய் வந்தபோதெல்லாம் நான் அத்தையின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். பெண்களோ, "விடாதே அவளை! நல்லா வேணும்!" என்று பேய்க்குக் கை தட்டினார்கள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. அத்தை பேய்க்கு அசையவே இல்லை. அதற்கு முன்னால், படத்து மாமியார் சிரித்தபடி, "வாம்மா, அடுப்பைப் பத்தவை" என்று கூப்பிடும் இடத்தில்தான் என் கையை வலிக்கப் பிடித்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனவள், பேய் வரும் நேரத்தில்தான் திரும்பி வந்தாள்.

அந்த வருஷங்களில் பேப்பரில் அடிக்கடி ஸ்டவ் வெடித்தது. மாமியார் சமைக்கும்போது வெடித்ததாக மட்டும் நான் படித்ததில்லை. படம் எடுத்தவரும் பேப்பர் படிப்பவர் போலிருக்கிறது. வீடுகளில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பயத்துக்கு வெள்ளைச் சேலை கட்டித் திரையில் உலவ விட்டிருந்தார்.

ஆடி முடிந்தது. அத்தை, "நான் அங்க போகலண்ணா. பயமா இருக்கு" என்றாள்.

அது பேய்ப் பயம்தான் என்பதில் வீட்டில் ஒரு நிமிடம்கூட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "புதுசா கல்யாணமான பொண்ணுக்குப் பேய் படம் போட்டுக் காட்டுவாங்களா?" என்று அம்மா அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். தப்பு செய்தவராக அப்பாவே அத்தையை அம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். "அது இல்லண்ணா, நான் சொல்றது..." என்று அத்தை தொடங்கியபோது பூசாரி உடுக்கையை எடுத்துவிட்டார். வேப்பிலை அடித்து, மந்திரித்து, கையில் தாயத்துக் கட்டினார். அதன்பிறகு அத்தை எதுவும் சொல்லவில்லை. பயம் இறங்கிவிட்டது என்றார் பூசாரி.

கிளம்பும் நாளில் வீடே பஸ் ஸ்டாப்புக்கு வந்தது. கொண்டுவிடப் போகும் அப்பாவின் கையில் பலகாரக் கூடை, புதுத் துணி. எனக்கு மட்டும் கவலை தீரவில்லை.

"அத்தை, அந்தப் பேய் உங்க வீட்டுக்கும் வருமா?"

அத்தை என் தலையைத் தடவினாள். "வந்தா நல்லாத்தாண்டி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியா, தாயத்து வேலை செய்யுது" என்றார் அப்பா. அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் கண்ணுக்கு மறையும்வரை கையாட்டிக்கொண்டே நின்றேன்.