தரங்கம்பாடிக்கு நாய்களோடு போன தைரியராஜ்

திருச்சி பாலக்கரையில் எங்கள் எதிர்வீட்டுத் தைரியராஜ் அண்ணன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எழுபத்து நாலிலிருந்து மே மாத லீவில் வேன் பிடித்து, தெருக்காரர்களைத் தரங்கம்பாடி கடலுக்கு ஒருநாள் கூட்டிப் போய் வருவார். நாயை விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு குடும்பம் முதல் வருஷம் பின்வாங்கியது. அடுத்த வருஷம் நாய்களும் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

"நாய்க்கும் டிக்கெட்டா தைரியம்?" என்று கேலி செய்வார்கள்.

"அரை டிக்கெட்டுங்க. ஜன்னலோரம் கேட்டா முழு டிக்கெட்."

அங்கே கடலோரத்து டேனிஷ் கோட்டையிலிருந்து வடக்கே படகுகள் நிற்கும் இடம் வரை நாய்களை நடத்திப் போவார். மீன் காயும் இடத்தில் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கச் சொல்வார். வலையை மிதிக்க விடமாட்டார். மணல் சுடுவதற்குள் திரும்பிவிடுவார். மீனவர்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

எழுபத்தொன்பதில் எங்கள் தெரு அக்னஸ் டீச்சரைக் கூப்பிட்டார். ரிட்டயரானவர். தம்பி இறந்தபிறகு வீட்டில் அவரும் சீசர் என்ற கிழட்டு நாயும்தான்.

"வயசான நாய் தம்பி. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரும் இல்ல."

"என் கையிலயே புடிச்சுக்கறேன் டீச்சர். வாங்க."

நானும் போனேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேலை இல்லாததால் யார் எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

மாயவரத்துக்கு முன்னால் வேன் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்தோம். பானையில் கொண்டுவந்த தண்ணீரை நாங்களே குடித்துத் தீர்த்துவிட்டோம். கடலுக்குப் போனபோது உச்சிவெயில். சீசர் நாக்கைத் தொங்கப்போட்டபடி தண்ணீரைப் பார்த்து இழுத்தது. அண்ணன் கயிற்றைத் தளர்த்தினார். வாய்க்காலிலும் காவிரியிலும் நாயைக் குளிப்பாட்டிப் பழகிய கை அப்படித்தான் செய்யும். யோசித்துச் செய்வதில்லை. முந்தைய வருஷங்களில் காலையிலேயே போய்விடுவதால் எந்த நாயும் கடலில் வாய் வைத்ததில்லை.

சீசர் குடித்தது. தாகம் தீராமல் மறுபடி மறுபடி குடித்தது. "நல்லாக் குடி ராசா" என்றார் டீச்சர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். உப்பு உடம்பிலுள்ள தண்ணீரை என்ன செய்யும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியவன். அது ஏன் அப்போது நினைவுக்கு வரவில்லை? படித்தது எனக்குள் எங்கேதான் இருக்கிறது?

ஒரு மணி நேரத்தில் வாந்தி. பிறகு கால்கள் இழுத்துக்கொண்டன. அண்ணன் குடிசைகளுக்கு ஓடி நல்ல தண்ணீர் வாங்கிவந்து வாயில் ஊற்றினார். உள்ளே இறங்கவில்லை. சாயங்காலம் டீச்சர் மடியிலேயே செத்துப்போனது.

டிரைவர் பிச்சை, "பூஜை போட்டு எடுத்த வண்டிங்க, பொணம் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் கரையிலேயே கையால் குழி தோண்டிப் புதைத்தார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். விடிந்ததும் தன் தம்பியின் கல்லறையில் பூ வைத்துவிட்டு டீச்சர் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் இன்னொரு சாமந்தி மாலை.

"சீசர வச்ச எடத்தக் காட்டுங்க தம்பி."

அண்ணன் என்னையும் கூப்பிட, மூவரும் பஸ் மாறிப் போனோம். ஐப்பசி மழையில் கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அலை ஏறி வரும் என்று நினைக்காமல், காவிரி மணலில் புதைப்பதுபோலக் கடல் மணலில் புதைத்திருந்தோம். அண்ணன் கோட்டையிலிருந்து அடி எண்ணி நடந்தார். முழங்கால் அளவு தண்ணீருக்குள் போய் நின்றார். திரும்பி வந்தார்.

"அங்கயா தம்பி?"

"தெரியல டீச்சர்."

"நீங்கதான வச்சீங்க."

டீச்சர் மாலையை அலையில் போடவில்லை. "கண்ட எடத்துல போட முடியாது" என்று பைக்குள் வைத்துத் திருச்சிக்கே கொண்டுவந்துவிட்டார். அதன்பிறகு கோயிலில் பார்த்தாலும் அண்ணனிடம் பேசவில்லை.

அடுத்த மே மாதம் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், நாயோடு கடலுக்குப் போக அண்ணனிடம் விவரம் கேட்டது. "எனக்கு அந்தப் பக்கம் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் திரும்பி என்னிடம் கேட்டார்கள். நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், சீசரைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.