ரெட்டை எஞ்சின் வராத காலை

ஈரக் கரிப்புகையின் நெடிதான் முதலில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் ஏறிவரும். சத்தம் அதற்குப் பின்னால். இரண்டு பேர் சேர்ந்து மூச்சு வாங்குவதுபோல, சில நேரம் ஒத்தும் சில நேரம் முந்திப் பிந்தியும் கேட்கும். தலவாக்கலையிலிருந்து அட்டனுக்கு ஏறும் காலை வண்டியை இழுத்து வந்த எஞ்சினைப் பெரியவர்கள் "ரெட்டை எஞ்சின்" என்றார்கள். கரட் வகை என்று அதற்கொரு பெயர் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் நீளமான எஞ்சின் திரும்பாது. சின்ன எஞ்சினுக்கோ ஏற்றத்தில் இழுவை போதாது. அதனால் நடுவில் ஒரே பாய்லரைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரக் கூட்டங்களை வைத்து, வளைவுக்குத் தகுந்தபடி அவை தம்பாட்டுக்குத் திரும்பும்படி செய்திருந்தார்கள்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அதன் பலமல்ல, நிதானம். லயத்துக்குக் கீழேயிருந்த வளைவில் அது ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். வழியனுப்ப ஸ்டேசனுக்குப் போனால் அன்றைய "பேர்" போய் நாள்கூலி இல்லாமலாகிவிடும் என்பதால், கொழுந்தெடுக்கும் பெண்கள் சத்தம் கேட்டதும் மலையிலிருந்து இறங்கி, வண்டியோடு கூடவே நடந்து, ஜன்னல் வழியாகப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி தேயிலைச் செடி நிரைக்குப் போய்விடுவார்கள். கங்காணியும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போன நாளுக்கும் அப்படித்தான் பேசி வைத்திருந்தது. அவளே பிள்ளைதான். அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு விடியலிலேயே ஸ்டேசனுக்கு நடந்துவிட்டார். "வளைவுல நிப்பேன், மலைப்பக்கத்து ஜன்னல்ல உக்காரு" என்று சொல்லி அனுப்பிய அம்மா, தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நிரையில் நின்றாள். நானும் அவளோடு நின்றேன்.

அன்று புகையும் வரவில்லை, அந்த மூச்சும் கேட்கவில்லை. பனிமூட்டத்துக்குள் ஏதோ உறுமியது. "ரோட்டுல லொறி போகுது. வண்டி இன்னும் வரலடி" என்று அம்மா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். புதிதாக விட்டிருந்த டீசல் எஞ்சின் வேகம் குறைக்காமல் வளைவில் ஹார்ன் அடித்தபோதுதான் கூடையோடு இறங்கி ஓடினாள். தண்டவாளத்தை அடைந்தபோது கடைசிப் பெட்டியும் போய்விட்டது. பொட்டலத்தைப் பிடித்தபடி அவள் தண்டவாளத்தின் ஓரத்திலேயே நின்றாள். எஞ்சினை மாற்றுவதை எங்களிடம் சொல்ல யாருக்குத் தோன்றும்? யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? அம்மா பொட்டலத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு நிரைக்கு ஏறினாள்.

இன்று அந்த ஏற்றத்தில் ரெட்டை எஞ்சின் ஓடுவதில்லை. ஜன்னலில் பொட்டலம் கொடுக்கும் வழக்கமும் அதோடு போயிற்று. அம்மாவும் போய்விட்டாள். அக்கா இருக்கிறாள். எஞ்சின் மாறியதையும் அம்மா ஓடியதையும் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்பாள். கடைசியில், "நான் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டுதான்டி போனேன். அம்மா வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்பாள்.